ஆறு மாத ஔஷதமும் எஞ்சிய கிருமிகளும்

சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல், வெம்பக்கோட்டை ஆகிய ஊர்களைச் சுற்றிலும் பயர் ஆபீஸ் எனப்படும் பட்டாசு ஆலையிலோ தீப்பெட்டி ஆபீசிலோ வேலை பார்க்கும் ஒருவருக்குக் காசநோய் கண்டு, அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கத் தொடங்கினால், பெரும்பாலும் இரண்டு மாதம் நிறைவதற்குள்ளாகவே காய்ச்சல் தணிந்து, இருமல் குறைந்து, பசி எடுத்து, கரைந்து போயிருந்த தேகம் மெல்லத் தேறி, சளிப் பரிசோதனைச் சீட்டிலும் கிருமி தென்படவில்லை என்று எழுதி வந்துவிடுகிறது. அப்பொழுது அவர் கேட்கும் கேள்வி மிகவும் நியாயமானது: "சளியில கிருமி இல்லேன்னு நீங்களே சொல்லிட்டீக டாக்டரம்மா, இன்னும் நாலு மாசத்துக்கு எதுக்கு மாத்திரை?" அதே ஆஸ்பத்திரி வராந்தாவில், ஆறு மாத மருந்தையும் ஒரு நாள் தவறாமல் உண்டு முடித்த வேறொருவர், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, விடியற்காலை இருமல் மட்டும் விடவில்லை என்று சொல்லிக்கொண்டு, நேர்மாறாகக் கேட்கிறார்: "மாத்திரையை நிப்பாட்டச் சொல்றீகளே, கிருமி உள்ளுக்குள்ளயே தங்கியிருக்குமோ?" முன்னவர் கிருமி போய்விட்டதென்று நம்புகிறார், அவருக்கு மேலும் மருந்து தருகிறோம், பின்னவர் கிருமி போகவில்லை என்று அஞ்சுகிறார், அவருக்கு மருந்தை நிறுத்துகிறோம். இவ்விரண்டும் சரியான முடிவுகளே என்பதற்குச் சாஸ்திரம் காட்டும் ஆதாரம் என்ன என்பதை விளக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

சிகிச்சைக்குப் பின்னும் சரீரத்தில் கிருமி எஞ்சுகிறதா என்னும் இந்தக் கேள்வி, காசநோய்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில், லைம் என்னும் சிற்றூரில், 1975ஆம் ஆண்டு வாக்கில் குழந்தைகள் பலருக்கு மூட்டு வீக்கம் கண்டதிலிருந்து ஆராயப்பட்ட லைம் நோய், உண்ணிக் கடியினால் பரவுவது. அதற்குக் காரணமான சுருள் வடிவக் கிருமியை 1981இல் வில்லி பர்க்டார்ஃபர் என்னும் விஞ்ஞானி உண்ணியின் குடலுக்குள் கண்டார். அவர் பெயராலேயே அது பொரேலியா பர்க்டார்ஃபெரி என்று வழங்குகிறது. டாக்சிசைக்ளின் போன்ற மருந்தை இரண்டு மூன்று வாரம் உண்டால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். ஆனால் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில், மருந்து முடிந்த பின்னும் மாதக் கணக்கில் களைப்பும் உடல் வலியும் ஞாபகக் குறைவும் தீராமல் அல்லலுறுகிறார்கள். கிருமி மறைந்திருக்கிறது, ஆகையால் இன்னும் மாதக் கணக்கில் மருந்து கொடுக்க வேண்டும் என்று ஒரு சாராரும், கிருமி அழிந்துவிட்டது, துன்பத்தின் காரணம் வேறு என்று மற்றொரு சாராரும் அங்கே பல ஆண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். நம் பக்கத்தில் லைம் நோய் அபூர்வம். கர்நாடகத்தின் பந்திப்பூர், நாகரஹொளெ வனங்களில் உழைப்பவர்களின் இரத்தத்தில் அக்கிருமிக்கு எதிரான அடையாளங்கள் காணப்பட்டதுண்டு, அவ்வளவே. ஆயினும் அமெரிக்காவில் இன்று எழும்பும் வாதத்தின் ஆணிவேரான கேள்விக்கு, காசநோயை முன்வைத்து, விடை தேடிய பெரும் ஆராய்ச்சிகளில் முக்கியமானவை நம் சென்னையிலேயே நிகழ்ந்தன என்பதை நம்மவர்களில் பலர் அறியார்கள்.

ஆதியில் இக்கேள்வி பிறந்தது பெனிசிலினோடு. 1944இல் டப்ளின் நகரத்தில் ஜோசஃப் பிக்கர் என்னும் மருத்துவ ஆசிரியர், சீழ்க்கிருமிகள் நிறைந்த திரவத்தில் பெனிசிலினைச் சேர்த்துப் பார்த்தபொழுது, கலங்கியிருந்த திரவம் தெளிந்து, கிருமிகள் அனைத்தும் மாண்டன போலத் தோன்றினாலும், ஏறத்தாழப் பத்து லட்சத்தில் ஒன்று என்ற விகிதத்தில் சில கிருமிகள் உயிர் பிழைத்திருப்பதைக் கண்டார். அவை மருந்தை வெல்லும் சக்தி பெற்ற புது இனமாக இருக்குமோ என்ற ஐயத்தினால் அவற்றைத் தனியே எடுத்து வளர்த்து, மறுபடியும் பெனிசிலின் இட்டார். அவற்றின் சந்ததி முன்போலவே மருந்துக்கு இரையாகி மாண்டது, மறுபடியும் மிகச் சொற்பமானவை மட்டும் எஞ்சின. ஆகவே பிழைத்தவை மருந்தை எதிர்த்துப் போராடி வென்றவை அல்ல; மருந்து வந்த வேளையில் வளராமல், பெருகாமல், செயலற்று ஒடுங்கிக் கிடந்தவை. பெனிசிலின், கிருமி தன் சுவரைக் கட்டும் வேலையைக் கெடுத்துக் கொல்வது. கட்டாமல் சும்மா இருப்பதை அது என்ன செய்யும்? கரிசல் காட்டுச் சம்சாரிக்கு இது புதிதாகத் தோன்றாது: முதல் மழைக்கு முளைத்த களையையெல்லாம் வேரோடு பறித்துக் காட்டைச் சுத்தமாக வைத்த பிறகும், அடுத்த மழைக்கு அதே களை அதே இடத்தில் தலைகாட்டுகிறதென்றால், பறித்தவர் கையில் குறையில்லை, அன்று முளைக்காமல் மண்ணுக்குள் கிடந்த விதையைக் களைக்கொத்தி அறியாது என்பதே காரணம்.

காசநோய்க் கிருமியோ இயல்பிலேயே மந்தமானது. சாதாரணக் குடற்கிருமி ஒன்று இருபது நிமிஷத்தில் இரண்டாகப் பிளந்து பெருகுமானால், இது ஒரு முறை பிளப்பதற்குக் கிட்டத்தட்ட இருபது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நுரையீரலில் அது விளைவித்த புண்ணுக்குள்ளே, காற்றோட்டம் நிறைந்த பொந்தின் சுவரில் சில கிருமிகள் கோடிக்கணக்காகப் பெருகிக்கொண்டிருக்கும். இரத்த ஓட்டமும் பிராணவாயுவும் எட்டாத, பாலாடைக் கட்டி போல் இறுகிய நடுப்பகுதியில் வேறு சில உறங்கிக் கிடக்கும். நம் உடம்பின் காவல் அணுக்கள் விழுங்கி வைத்தவை, அவ்வணுக்களின் புளிப்பான உட்பையில் அடைபட்டிருக்கும். சென்னை ஆராய்ச்சிகளில் நெடுங்காலம் பங்கு கொண்ட டெனிஸ் மிட்சிசன் என்னும் ஆங்கிலேயக் கிருமியியல் நிபுணர், ஒரே நோயாளியின் ஒரே நுரையீரலில் இத்தகைய பல நிலைக் கூட்டங்கள் ஒருங்கே வாழ்கின்றன என்றும், ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு கூட்டத்தையே சிறப்பாகக் கொல்கிறது என்றும் விளக்கினார். ஐசோனியசிட், சுவர் கட்டிப் பெருகும் கிருமிகளைச் சில நாட்களிலேயே குவியல் குவியலாகக் கொன்றுவிடும். பைரசினமைட், புளிப்புச் சூழலில் கிடப்பவற்றைத் தேடிக் கொல்லும். ரிஃபாம்பிசின், பெரும்பாலும் உறங்கி எப்பொழுதாவது சிறிது நேரம் கண்விழிக்கும் கிருமியை அந்தச் சிறு அவகாசத்திலேயே மடக்கும். இருமல் நிற்பதும் சளி தெளிவதும் முதற்கூட்டம் அழிந்ததன் பலன்கள். அவை முதல் இரண்டு மாதங்களில் கிடைத்துவிடுகின்றன. எஞ்சிய நான்கு மாதம், ஒவ்வொன்றாக விழிக்கும் மற்றவற்றுக்காகக் காத்திருக்கும் காலம். வராந்தாவில் முதலில் கேட்டவருக்கு உரிய பதில் இதுவே. ஆனால் இது வெறும் யூகமாக இருந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டவர்களின் சரித்திரம்தான் எனக்கு இதைவிடவும் முக்கியமாகத் தோன்றுகிறது.

நியூயார்க்கில், கார்னெல் மருத்துவக் கல்லூரியில், வால்ஷ் மெக்டெர்மட் என்பவரும் அவருடைய சகாக்களும் 1950களில் ஒரு சோதனை செய்தார்கள். எலிகளுக்குக் காசநோயை உண்டாக்கி, மூன்று மாதம் ஐசோனியசிட்டும் பைரசினமைட்டும் கொடுத்து, பிறகு அவற்றின் அங்கங்களை அரைத்து எவ்வளவோ கவனமாகப் பயிர் செய்து பார்த்தும் ஒரு கிருமியும் முளைக்கவில்லை. அக்காலத்துச் சோதனை முறை எதனாலும் அந்த எலிகள் நோயற்றவை என்றே முடிவு கட்டியிருக்க முடியும். ஆனால் அதே சிகிச்சை பெற்ற வேறு எலிகளை, மருந்தின்றி இன்னும் மூன்று மாதம் உயிரோடு விட்டுவைத்துப் பார்த்தபொழுது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எலிகளில் கிருமி மீண்டும் தோன்றியது. தோன்றியவையும் மருந்துக்கு அடங்கும் பழைய இனமே. கிருமி இல்லை என்று கருவி சொல்வதற்கும் உண்மையிலேயே கிருமி இல்லாமற் போவதற்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு என்பதும், அந்த இடைவெளியை அளக்கும் கருவி காலம் ஒன்றே என்பதும் அன்று நிலைநாட்டப்பட்டன.

எலிகளில் கண்டதை மனிதர்களிடம் அறிய வேண்டுமானால், மருந்து முடித்தவர்களை ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து சென்று பார்க்க வேண்டும். அதற்குரிய பொறுமையும் அமைப்பும் முதன்முதலாக ஒழுங்காக அமைந்த இடங்களில் சென்னை ஒன்று. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை ராஜ்ய அரசாங்கமும் உலக சுகாதார ஸ்தாபனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிச் சேத்துப்பட்டில் காசநோய் ஔஷத சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவர் அதன் ஆய்வை வழிநடத்தினார். காசநோயாளியை மலைக்காற்று வீசும் சானடோரியத்தில் ஆண்டுக் கணக்கில் படுக்கவைத்து, முட்டையும் பாலும் கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகமெங்கும் நம்பியிருந்த காலம் அது. நம் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில், சானடோரியப் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். ஃபாக்ஸும் அவருடைய சகாக்களும் சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் குடிசையிலும் வைத்து, இரு சாராருக்கும் ஐசோனியசிட், பாஸ் என்னும் அதே இரு மருந்துகளைப் பன்னிரண்டு மாதம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான ஒற்றை அறைகளில் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள்; குறைவாக உண்டார்கள், அதிகமாக உழைத்தார்கள். சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குச் சென்று மீதி மாத்திரையை எண்ணினார்கள். மருந்து உண்மையாகவே உட்கொள்ளப்பட்டதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள்.

1959இல் வெளியான முடிவு உலகத்தைத் திடுக்கிட வைத்தது: குணமானவர்களின் தொகையில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, வீட்டிலேயே சிகிச்சை பெற்றவரின் குடும்பத்தார், மற்றவரின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோயுறவும் இல்லை. இந்த முடிவைப் பாராட்டுபவர்கள் இத்தோடு நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் அம்மையத்தின் மகத்தான காரியம் அதன் பிறகுதான் நிகழ்ந்தது; அந்த நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் வரை விடாமல் பின்தொடர்ந்து, சளியை எடுத்துப் பயிர் செய்து, யாருக்கு நோய் திரும்பியது, யாருக்குத் திரும்பவில்லை என்று கணக்கு வைத்தார்கள். குடிசை மாறியவரை, ஊருக்குப் போனவரை, வேலை தேடி அலைந்தவரை எல்லாம் தேடிப் பிடித்தார்கள். அந்த ஐந்தாண்டுக் கணக்கின் முடிவிலும் வீட்டுச் சிகிச்சை தாழ்ந்துவிடவில்லை. (சத்துணவு தேவையில்லை என்பதற்கு இவ்வாராய்ச்சியைச் சிலர் சான்று காட்டுவது முழுத் தவறு. 2023இல் வெளியான ஜார்க்கண்ட் ஆராய்ச்சி, நோயாளியின் குடும்பத்துக்கு உணவுப் பொருள் கொடுத்தால் அக்குடும்பத்தில் புதிதாக நோய் காண்பது கணிசமாகக் குறைகிறது என்றும், சிகிச்சையின் தொடக்கத்தில் எடை கூடும் நோயாளிகளிடையே மரணம் குறைவு என்றும் காட்டியிருக்கிறது. ஔஷதம் கிருமியைக் கொல்லும்; உணவு மனிதனைக் காக்கும்.)

மருந்து முடிந்த நாளில் சளியில் கிருமி உண்டா என்று பார்ப்பதைவிட, முடிந்த பின் இரண்டாண்டுக்குள் நோய் மீள்கிறதா என்று பார்ப்பதே சிகிச்சையின் உண்மையான உரைகல் என்னும் நியதி இவ்வாறு வேரூன்றியது. 1972இல் வெளியான கிழக்கு ஆப்பிரிக்க ஆராய்ச்சியின் எண்கள் இதை ஐயத்துக்கு இடமின்றி விளக்குகின்றன. ஆறு மாதம் ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோனியசிட்டும் மட்டும் பெற்றவர்களுக்கும், அவற்றோடு ரிஃபாம்பிசினும் சேர்த்துப் பெற்றவர்களுக்கும், ஆறாம் மாதத்து இறுதியில் சளி ஒன்றுபோலவே சுத்தமாக இருந்தது. பிறகு முன்னவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கு நோய் திரும்பியது. பின்னவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு, மருந்து நிறுத்திய முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே திரும்பியது. ஒன்றரை ஆண்டுச் சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியது இந்த எண்களின் பலத்தினால்தான்.

ஆறு மாதத்தை நான்காகக் குறைக்கலாமே என்ற ஆசை இயல்பானது. கூலிக்கு உழைப்பவர்மேல் அக்கறை உள்ள எவருக்கும் அந்த ஆசை எழாமல் இராது. சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், சென்னையிலும் நம் பக்கத்து மதுரையிலும், மோக்சிஃப்ளாக்சசின் அல்லது காட்டிஃப்ளாக்சசின் சேர்ந்த நான்கு மாதச் சிகிச்சையை, வாரம் மும்முறை கொடுத்துச் சோதித்தது. நோய் திரும்பியவர்களின் தொகை ஆறு மாதப் பிரிவைவிட அதிகமாகக் கண்டதால், அச்சோதனை இடையிலேயே நிறுத்தப்பட்டது. அதன் விவரம் 2013இல் பிரசுரமாயிற்று. அடுத்த ஆண்டே பல தேசங்களில் நடந்த இதே வகை ஆராய்ச்சிகளும் இதே முடிவைத் தந்தன: சளி விரைவாகத் தெளிந்தது, ஆயினும் நோய் அதிகமாக மீண்டது. தாங்கள் விரும்பிய முடிவு வராதபொழுது அதை மறைக்காமல் பிரசுரித்த அந்த ஆராய்ச்சியாளர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். பின்னர் 2021இல், ரிஃபாபென்டின் என்னும் மருந்தை மோக்சிஃப்ளாக்சசினோடு தினந்தோறும் கொடுத்த நான்கு மாதச் சிகிச்சை ஆறு மாதத்துக்குச் சமமாக நின்றது. அதற்கும் சான்று, மருந்து முடிந்த பின் காத்திருந்து பார்த்ததே.

மீண்ட நோய் எஞ்சிய கிருமியால் வந்ததா, புதிதாகத் தொற்றிய கிருமியால் வந்ததா என்ற சந்தேகமும் நியாயமானதே. காசநோய் மலிந்த ஊரில் ஒருவருக்கு இரண்டு முறை தொற்றுவது அதிசயமன்று. கிருமியின் மரபணுவைக் கைரேகை போல் ஒப்பிடும் முறை வந்த பிறகு சென்னை ஆராய்ச்சியாளர்கள் இதைத் தீர்த்துவைத்தார்கள். 2010இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு மீண்ட நோயில் பெரும்பகுதி புதுக்கிருமியால் வந்தது. அத்தொற்று இல்லாதவர்களுக்கு மீண்டதில் பத்தில் ஒன்பது பங்கு, முன்பிருந்த அதே கிருமி மீண்டெழுந்தது. எவ்வளவு காலம் அது ஒடுங்கியிருக்க வல்லது என்பதற்கு டென்மார்க்கிலிருந்து ஒரு சான்று உண்டு: தந்தையிடமிருந்து மகனுக்குத் தொற்றிய கிருமி, 33 ஆண்டுகள் அரவமின்றி இருந்து, பிறகு மகனிடம் நோயாக வெளிப்பட்டதை, சேமித்து வைத்திருந்த தந்தையின் கிருமியோடு ஒப்பிட்டு நிரூபித்தார்கள்.

இனி, வராந்தாவில் இரண்டாவதாகக் கேட்டவரின் பக்கம் வருவோம். கிருமி எஞ்சும் என்பதை இவ்வளவு தூரம் சொன்னபின், இருமல் தீராதவருக்கு மருந்தை நீட்டிப்பதல்லவா முறை என்று தோன்றலாம். அங்கேதான் மிகவும் கவனமாக நடக்க வேண்டும். 2016இல் தென்னாப்பிரிக்காவில், ஆறு மாதச் சிகிச்சை முடித்துச் சளி சுத்தமானவர்களின் நுரையீரலை, அழற்சியைப் பிரகாசமாகக் காட்டும் பெட் ஸ்கேன் கருவியால் படம் பிடித்தார்கள். பெரும்பாலோருடைய நுரையீரலில் இன்னும் அழற்சி கனன்றது. சிலருக்குப் புதிய இடங்களிலும் தோன்றியிருந்தது. அதோடு, கிருமி உயிரோடிருந்தால் மட்டுமே உண்டாக்கக்கூடிய மரபுச் செய்தியின் துணுக்குகளும் பலருடைய சளியிலோ நுரையீரலைக் கழுவிய நீரிலோ கிடைத்தன. ஆயினும் அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதன் பிறகு ஒரு மாத்திரையும் உண்ணாமலே சுகமாக இருந்தார்கள். ஆகவே மருந்தின் வேலை கடைசிக் கிருமி வரைக்கும் தேடிக் கொல்வது என்று எண்ணுவது தவறு. சரீரம் தானே அடக்கி வைக்கக்கூடிய சொற்ப அளவுக்கு அவற்றைக் குறைத்துக் கொடுப்பதே அதன் வேலை.

லைம் நோய் வாதத்துக்கும் இந்த ஒளியில் ஒரு தெளிவு உண்டாகிறது. மருந்து கொடுத்த குரங்குகளின் உடலில் பொரேலியாக் கிருமிகள் எஞ்சியதை 2012இல் அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினார்கள். 2014இல், சிகிச்சை முடித்த மனிதர்களைச் சுத்தமான உண்ணிகளைக் கடிக்கவிட்டு, அவ்வுண்ணிகளுக்குள் கிருமியின் மரபணு ஏறியிருக்கிறதா என்று சோதித்தார்கள். மிகச் சிலரிடமே அது கிடைத்தது, உயிருள்ள கிருமியை எடுக்க முடியவில்லை. 2019இல், மூட்டு வீக்கம் தீராதவர்களின் மூட்டு நீரில், செத்த கிருமியின் சுவர்த் துண்டுகள் நெடுநாள் தங்கி அழற்சியை வளர்க்கின்றன என்று கண்டார்கள். இவ்வளவும் எஞ்சுவதுண்டு என்பதற்குச் சான்றுகள். ஆனால் துன்பப்படுபவருக்கு மேலும் மருந்து பயன்படுமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை மனிதர்களிடம் நடத்திய சோதனைகளிலேதான் உண்டு. 2001இல் அமெரிக்காவில் மூன்று மாதமும், 2016இல் நெதர்லாந்தில் மூன்று மாதத்துக்கு மேலும், கிருமியைக் கொல்லும் மருந்தை நீட்டித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் போலி மாத்திரை பெற்றவர்களைவிட மருந்து பெற்றவர்கள் சிறப்பாகத் தேறவில்லை. நோயாளிகளின் வேதனை முற்றிலும் மெய்யானது. அதை மனப்பிரமை என்று ஒதுக்கிய வைத்தியர்கள் பெரும் அநீதி இழைத்தார்கள் என்றே நான் கருதுகிறேன். ஆனால் வேதனை மெய் என்பதனால் கிருமிதான் அதற்குக் காரணம் என்று ஆகிவிடாது.

நம் ஊர் நிலைமைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். காசநோய் ஆறிய நுரையீரலில் தழும்பும், விரிந்துபோன மூச்சுக் குழல்களும், சிலருக்கு வெற்றுப் பொந்தும் நிலைத்துவிடுகின்றன. அப்பொந்தில் பூஞ்சை வளர்ந்து இரத்தமாகத் துப்புவதும் உண்டு. பட்டாசு மருந்துக் கலவை அறையில் அலுமினியப் பொடியும் கந்தகத் தூளும் பறக்க, அல்லது கல் உடைக்கும் கிரஷரில் தூசி பறக்க, அந்த நுரையீரலோடு அவர் மறுபடியும் வேலைக்குப் போகிறார். அவருக்கு இருமல் வராமலிருந்தால்தான் வியப்பு. அந்த இருமலைக் கண்டதும், சளியைச் சோதிக்காமலே மறுபடியும் காசநோய் மாத்திரையைத் தொடங்குவதும், லீவோஃப்ளாக்சசின் மாத்திரையைச் சாதாரணச் சளிக்குக் கொடுப்பதுபோல் பத்து நாள் கொடுப்பதும், இரண்டும் ஆபத்தானவை. பின்னதினால் நோய் மெய்யாகவே மீண்டிருந்தால் அது பாதி மறைந்து, கண்டுபிடிப்பது தாமதமாகி, மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறவும் இடமுண்டு. இன்னொரு எச்சரிக்கை: நோயைக் கண்டுபிடிக்க இன்று பயன்படும் சிபிநாட், ட்ரூநாட் போன்ற சோதனைகள் கிருமியின் மரபணுவையே தேடுபவை, செத்த கிருமியின் மரபணுவும் அவற்றுக்கு அகப்படும். ஆகையால் சமீபத்தில் மருந்து முடித்தவருக்கு அச்சோதனை மட்டும் கிருமி உண்டு என்று சொன்னால் திகைக்கக் கூடாது. சளியைப் பயிர் செய்து, உயிருள்ளது முளைக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவு கட்ட வேண்டும். அதற்குச் சில வாரம் ஆகும்.

முதலில் கேட்டவர் மாத்திரையை நடுவில் விட்டுவிடுவதற்கும் அறியாமை மட்டும் காரணமன்று. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் பட்டாசு வேலை உச்சத்தில் இருக்கிறது; அதிகாலையில் வேன் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புகிறார்கள்; பலருக்கு எண்ணிக்கைக் கூலி, ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு நடந்தால் அன்றைய வருமானம் இல்லை. மாத்திரை குமட்டலைத் தருகிறது. சிறுநீர் சிவந்து போவதைக் கண்டு சிலர் அஞ்சுகிறார்கள், அது ரிஃபாம்பிசினின் நிறம், தீங்கில்லை என்று ஒருவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. 2018 முதல் மத்திய சர்க்கார் சிகிச்சைக் காலத்தில் மாதம் 500 ரூபாய் உணவுக்காகக் கொடுத்துவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2022இல் தமிழக அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தினால், நோய் கண்ட அன்றே எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், பிராணவாயு அளவு, தானாக நிற்கும் திறன் ஆகியவற்றைப் பார்த்துக் கவலைக்கிடமானவர்களைப் பிரித்தெடுத்து உள்நோயாளியாகச் சேர்க்கிறார்கள். இவை நல்ல காரியங்கள். ஆனால் இவை பெரும்பாலும் மருந்து உண்ணும் காலத்தோடு நின்றுவிடுகின்றன.

மருந்து முடிந்த பின் ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பதினெட்டாம் மாதம், இருபத்துநான்காம் மாதம் ஆகிய நான்கு முறை நோயாளியைப் பார்த்து, அறிகுறி இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும் என்று நம் தேசியத் திட்டத்தின் விதியே சொல்கிறது. ஃபாக்ஸும் அவருடைய சகாக்களும் சென்னைக் குடிசைகளில் செய்த அதே காரியம் இது. நோய் மீண்டால் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் மீளும் என்று அறிந்திருந்தும், மருந்து முடிந்ததும் நோயாளியின் பெயரை ஏட்டிலிருந்து அடித்துவிட்டு, அவராகத் திரும்பி வரும்வரை காத்திருப்பது, அறிந்த உண்மையை உபயோகிக்காமல் விடுவதாகும். இந்த நான்கு பரிசோதனைகளையும் கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் ஆலை வாசலிலேயே நடத்தலாம். வேன் வந்து நிற்கும் இடத்தில், வேலை தொடங்குமுன் சளியை வாங்கிக்கொள்ளலாம். அதற்கு ஆலை முதலாளிகள் இரண்டாண்டில் நான்கு காலைப் பொழுதுகளுக்குக் கூலியைப் பிடிக்காமல் அனுமதி தந்தால் போதும்.